அவசர வண்டியில் இரண்டு பேர்

அம்மாவுக்கு நகராட்சியில் 'கூட்டு வண்டி அக்கா' என்று பெயர். வரி கவுன்டருக்குப் பின்னால் சின்ன அறை, சுவர் நிறைய ஊரின் வரைபடம், காதில் எந்நேரமும் போன். ஆளுக்கொரு காரில் வேலைக்குப் போகிறவர்களைப் பேசிப் பேசி ஒரே காரில் ஏற்றிவிடுவது அவள் வேலை. சாலையில் கார்களைக் குறைக்க நகராட்சி கொண்டுவந்த திட்டம். சொல்கிறவள் முதலில் செய்ய வேண்டும் என்று எங்கள் காரையும் விற்றுவிட்டாள்.

ஒருமுறை தையல் ஆலையில் அவள் பேசியபோது நானும் கூட இருந்தேன். கணக்கர் ஒருவர் வம்புக்கு இழுத்தார்.

"ஏங்க்கா, உங்க கமிஷனர் எதுல வர்றாரு?"

"தனிக் கார்லதான். அவர் பேசுற பேச்சுக்கு யாரும் கூட ஏற மாட்டேங்கிறாங்க."

சிரிப்பு அடங்குமுன் விஷயத்துக்கு வந்தாள். "கார் இல்லாம வந்த அன்னிக்கு வீட்டுல ஏதாவது ஆயிட்டா என்ன பண்றதுன்னு பயப்படாதீங்க. எனக்கு ஒரு போன் போடுங்க. நகராட்சி வண்டி வாசல்ல வந்து நிக்கும்."

பலர் அன்றே சேர்ந்தார்கள். நகராட்சியிடம் அதற்கென்று இருந்தது ஒரே ஒரு அவசர வண்டி. அதை அவள் அங்கே சொல்லவில்லை.

அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது வீட்டில் நான்தான் இருந்தேன். ஆம்புலன்சில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, "அம்மாவைச் சீக்கிரம் வரச் சொல்லுங்க" என்றார். அப்பாவுக்கு நினைவு இருந்தது. "வந்துட்டாளா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

நான் போன் செய்ததும் அம்மா நகராட்சியின் அந்த அவசர வண்டியில்தான் கிளம்பினாள். கிளம்பியதும் அவள் போன் அடித்திருக்கிறது. ஆலையில் தைக்கும் பெண் ஒருத்தி. பள்ளிக்கூடத்தில் அவள் பிள்ளை மாடிப்படியில் விழுந்து கையை உடைத்துக்கொண்டான். அம்மா வண்டியைத் திருப்பச் சொன்னாள். "போற வழிதான்" என்று டிரைவரிடம் சொன்னாளாம். போகிற வழியில்லை. நான் சாலை சிக்னல்கள் அமைக்கும் பொறியாளர். அந்த வேளையில் ஆலைச் சாலை எப்படி அடைத்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும். அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

"எங்கம்மா இருக்க?"

"ஆலைகிட்டடி. நகரவே மாட்டேங்குது. எந்தக் காரைப் பாத்தாலும் ஒத்தை ஆளு."

"ஆலைக்கு எதுக்கும்மா போன?"

போனில் வேறொரு பெண் அழுவது கேட்டது.

"இந்தப் பொண்ணையும் ஏத்திக்கிட்டேன். ஸ்கூல்ல விட்டுட்டு ஓடி வந்துடுறேன். அப்பாகிட்ட குடு."

போனை அவர் காதில் வைத்தேன். அம்மா என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. "பதறாம வா" என்றார் அப்பா. அதன் பிறகு அவர் பேசவில்லை. நான் மறுபடி மறுபடி போன் செய்தேன். ஒவ்வொரு தடவையும், "இதோ வந்துட்டேன், இதோ வந்துட்டேன்" என்றாள்.

அவள் உள்ளே வந்தபோது நர்ஸ் ஒயர்களைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"நேரா வந்திருக்கலாமேம்மா!" என்று கத்தினேன். ஆஸ்பத்திரி என்றும் பார்க்கவில்லை.

"ஒரே ஒரு ஆளுக்காக வண்டியை எடுங்கன்னு சொல்ல வாய் வரலடி. ரெண்டு பேரையும் சேத்துடலாம்னுதான் தோணுச்சு. எனக்கு வேற எதுவுமே தோணலடி."

போர்வைக்குள் கையை விட்டு அப்பாவின் பாதங்களைப் பிடித்தாள்.

"சூடா இருக்குடி. நீயே தொட்டுப் பாரு, கால் சூடா இருக்கு. போய் டாக்டரைக் கூட்டிட்டு வா."

டாக்டர் அவள் பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தார்.