இடம் வலமாகி வந்த கை

வெள்ளைச்சாமிக்குச் சொந்த ஊர் சாத்தூர்ப் பக்கம். ஓசூரில் கார் பாகங்கள் செய்யும் ஒரு சின்னத் தொழிற்சாலையில் தகடு வெட்டும் பவர் பிரஸ்ஸில் வெகுகாலம் நின்றவர். சில வருடங்களுக்கு முன் அந்த பிரஸ் அவருடைய வலது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் எடுத்துக்கொண்டது. காயம் ஆறியதும் ஸ்டோரில் உட்காரவைத்தார்கள். நட்டு, போல்ட், கையுறை எடுத்துக் கொடுக்கிற வேலை. எழுதுவதற்கு இடது கையைப் பழக்கினார். சோற்றை ஸ்பூனால் சாப்பிட்டார். விசேஷ வீட்டுப் பந்தியில் மட்டும் உட்காருவதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பேப்பர் படிக்க நூலகத்துக்குப் போனபோது வாசலில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. ‘பிரஸ் இல்லாமல், கையாலேயே படம் அச்சடிக்கப் பழகலாம்.’ முதல் இரண்டு சொற்களை மறுபடி படித்தார். பிறகு வகுப்பு நடந்த மாடிக்குப் படியேறினார்.

சொல்லிக்கொடுத்தவர் அருணா, தனியார் பள்ளியில் ஓவிய ஆசிரியை. லினோ என்கிற, ரப்பர் மாதிரி மெத்தென்ற வழவழப்பான தகட்டில் படம் வரைந்து, வெள்ளையாக வரவேண்டிய இடங்களைச் சின்ன உளியால் செதுக்கி எடுக்கவேண்டும். மிச்சமிருக்கும் மேட்டில் ரோலரால் மை தடவி, காகிதத்தை விரித்து, கரண்டியின் முதுகால் தேய்த்தால் படம் ஏறிவிடும்.

“உளி போற வழில இன்னொரு கைய வைக்காதீங்க சார், எப்பவும் பின்னாலதான்...” சொல்லிக்கொண்டே வந்த அருணா, அவர் கையைப் பார்த்து நின்றுவிட்டார்.

“சொல்லுங்க மேடம். இந்தப் பாடத்த நான் முன்னாடியே படிச்சுட்டேன்” என்றார் வெள்ளைச்சாமி.

அடுத்த வாரம் அருணா ஒரு பலகையில் சட்டம் அடித்துக் கொண்டுவந்தார். தகடு அதில் முட்டி நின்றது. பிடித்துக்கொள்ள இன்னொரு கை தேவைப்படவில்லை.

முதலில் செதுக்கிய வேப்பிலை மை அதிகமாகிக் கறுப்புத் திட்டாக வந்தது. வேறு எதை வரைவது என்று தெரியவில்லை. ஒரு நாள் வீட்டில், இடது கையைத் தகட்டின்மேல் விரித்து வைத்து, வலது கையில் மிஞ்சிய விரல்களால் பென்சிலைப் பிடித்துச் சுற்றி வரைந்தார். நகம், முட்டியின் சுருக்கம், நடுவிரலில் இருந்த பழைய தழும்பு எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் செதுக்கினார். மை தடவித் தேய்த்துக் காகிதத்தை உரித்தார்.

வந்திருந்தது வலது கை. ஐந்து விரலோடு.

அச்சில் இடம் வலமாகும் என்று அருணா சொல்லியிருந்தார். எழுத்துக்குத்தான் அதைக் கவனிக்கவேண்டும் என்று இவர் நினைத்திருந்தார்.

அரிசி களைந்த ஈரக் கையோடு வந்த மனைவி வீரலட்சுமி எட்டிப் பார்த்தாள். “யாரு கைங்க இது?”

“எங் கைதான்.”

“வலது கையால்ல இருக்கு?”

“எடது கையத்தான் வரஞ்சேன். அச்சுல மாறிருச்சு.”

அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அந்த இரண்டு விரல்களையும் தொட்டுப் பார்த்தாள். மை காயாததால் அவள் விரல் நுனி கறுத்தது. “இப்பிடித்தான் இருந்துச்சுல்ல” என்றாள். ஆஸ்பத்திரியில்கூட அழாமல் ஓடியாடியவள், இப்போது முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அவருக்கு அழுகை வரவில்லை. பார்க்கப் பார்க்க, அது தன் வலது கை இல்லை என்றுதான் பட்டது. தழும்புகூட இடது கையுடையது. போன கையில் என்னென்ன கோடுகள் இருந்தன என்று யோசித்தார். ஒன்றும் நினைவில்லை. இருந்த காலத்தில் அதை அவர் இப்படி உட்கார்ந்து பார்த்ததே இல்லை.

வீரலட்சுமி அதற்குக் கண்ணாடி போட்டு மாட்டினாள். அவர் தடுக்கவில்லை. ஆனால் அடுத்து ஒரு தகடு வாங்கிவந்து, வலது கையை மெல்லிய காகிதத்தில் வரைந்து, அச்சில் வலது கையாகவே வருவதற்காக அதைத் திருப்பிப் போட்டுத் தகட்டில் படியெடுத்தார்.

“இத எதுக்குங்க செதுக்குறீக?” என்றாள்.

“இதுந்தான எங் கை. இதையாச்சும் பாத்து வச்சுக்குறேன்.”

 அவர் அச்சடிக்கும்போது அவள் காற்றாடியை நிறுத்திவிட்டு வந்து, காகிதம் நகராமல் இரண்டு மூலையையும் பிடித்துக்கொண்டாள். அவர் கரண்டியால் பொறுமையாகத் தேய்த்தார். உரித்தபோது மூன்று விரலும் தெளிவாக விழுந்திருந்தன. விரல் போன இடத்தில் மட்டும் தோலின் சுருக்கம் மங்கலாக இருந்தது.

வீரலட்சுமி குனிந்து பார்த்தாள். “இங்கிட்டு மை பத்தல” என்றாள். “இன்னொண்ணு போடுங்க.”