கணவனா, மனைவியா: எதிர்க்கட்சி சலூனின் தீராத வழக்கு

அந்தச் சலூனின் பலகையில் ஒரு பெயர் எழுதியிருந்தது. யாரும் அதைச் சொன்னதில்லை. எல்லோருக்கும் அது எதிர்க்கட்சி கடை. கடைக்காரர் எதிர்க்கட்சி.

அவருக்கும் அரசியலுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. வெயில் கொளுத்துகிறது என்று ஒருவர் சொன்னால் போதும், "போன வருஷத்தைப் பார்த்தா இதெல்லாம் நிழல்" என்பார். அடுத்தவர் வந்து "இன்னிக்கு வெயில் பரவாயில்ல" என்றால், "பரவாயில்லையா? உச்சிமண்டையில முட்டை பொரிக்கலாம்!" முதலில் சொன்னவர் இன்னும் பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பார். அதைப் பற்றி எதிர்க்கட்சிக்குக் கவலை கிடையாது.

கடையில் இரண்டு நாற்காலிகள். இரண்டாவதில் வேலை செய்தவர் வாய் திறக்காத மனிதர். அவருக்குப் பெயரே ரெண்டாம் நாற்காலி. நிம்மதியாக முடி வெட்டிக்கொள்ள வேண்டும் என்பவர்கள் அவரிடம் போவார்கள். மற்றவர்கள் எதிர்க்கட்சியிடம் கழுத்தைக் கொடுப்பார்கள்.

கடையின் பெரிய வழக்கு ஒரு படம். செயற்கை மனிதர்களைப் பற்றிய படம். கதையை எதிர்க்கட்சி கண்ணாடிக்குக் கீழே இருந்த பலகையில் நடத்திக் காட்டுவார். நுரை போடும் பிரஷ்தான் கணவன். சீப்புதான் மனைவி. பனி கொட்டும் ஊரில் தனியாக ஒரு வீடு, அதில் இந்த இரண்டு பேர். இருவரில் ஒருவர் எப்போதோ செத்துவிட்டார். மற்றவர் துக்கம் தாங்காமல், செத்தவரைப் போலவே ஒரு பொம்மையைச் செய்து வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறார். அது சட்டப்படி குற்றம். அதிகாரி ஒருவர் விசாரிக்க வருகிறார். அவர் படிகாரக் கல். நாள் முழுக்க அங்கேயே உட்கார்ந்து கேள்வி கேட்கிறார், கண்டுபிடிக்க முடியவில்லை, கிளம்பிவிடுகிறார். அவர் போன பிறகு மேசையில் இரண்டு தேநீர்க் கோப்பைகள். ஒன்று காலி. ஒன்று நிறைந்தபடி ஆறிக்கிடக்கிறது. யாருடைய கோப்பை எது என்று காட்டாமலே படம் முடிந்துவிடும்.

"இப்ப சொல்லுங்க, பொம்மை யாரு?"

கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், பட்டப்பெயரும் கோர்ட்டுதான், அந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் ஒரே பதில் வைத்திருந்தார். "கணவன்தான்யா. பொண்டாட்டி என்ன சொன்னாலும் சரிங்கறான். உயிருள்ள எவன் அப்படி இருப்பான்?"

"அதனாலதான் அவன் மனுஷன்ங்கறேன். எதுத்துப் பேசினா என்ன நடக்கும்னு அனுபவத்துல தெரிஞ்சவன்."

"அப்போ அவ பொம்மையா? சிரிக்கிறாளே, அதிகாரி சொன்ன ஜோக்குக்கு?"

"அந்த ஜோக்குக்கு மனுஷன் எவனாவது சிரிப்பானா?"

கோர்ட்டு பதில் யோசிப்பதற்குள் எதிர்க்கட்சி கத்தரியை வைத்துவிட்டுச் சவரக்கத்தியை எடுப்பார். கடையின் சட்டம் ஒன்றே ஒன்று. கத்தரி ஓடும்போது இருவரும் பேசலாம். கத்தி கழுத்துக்கு வந்துவிட்டால் நாற்காலியில் இருப்பவர் தாடையை அசைக்கக் கூடாது. கத்தியைப் பிடித்தவருக்கு அந்தத் தடை கிடையாது. அதனால் தன்னுடைய பலமான வாதங்களையெல்லாம் அவர் கடைசிக்குத்தான் வைத்திருப்பார். கோர்ட்டு கண்ணாலேயே ஆட்சேபம் தெரிவிப்பார். சவரம் முடிந்து முகம் துடைக்கும்போது வழக்கு தள்ளுபடி ஆகியிருக்கும்.

வெளியே போன கோர்ட்டு இதையெல்லாம் யோசித்து, அடுத்த முறை "நீ சொன்னதுதான் சரி, மனைவிதான்" என்று வந்து நின்றால், "என்ன படம் பார்த்தீங்க நீங்க? கணவன்தான்!"

எதிர்க்கட்சியின் மகளுக்கு இந்த வழக்கு தெரியாத காலம் நினைவில் இல்லை. படத்தை அவள் பார்த்ததே இல்லை. அம்மாவும் பார்க்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். கல்யாணமான புதிதில் அப்பாவோடு தியேட்டருக்குப் போனவள், விளக்கணைத்ததும் அவர் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். விளக்கு போட்டதும் விழித்துக் கேட்டாளாம், "பொம்மை யாரு?" அவர் தெரியவில்லை என்றார். "இவ்வளவு நேரம் முழிச்சிருந்து என்ன பண்ணுனீங்க? கணவன்தான்!" என்றாள். எப்படிச் சொல்கிறாய் என்று கேட்டார். வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் சொன்னாள். அப்பா வாயடைத்துப்போன ஒரே தடவை அதுதான் என்று அத்தை சொல்வாள். அதற்கு வட்டி சேர்த்து ஊரார் கழுத்தில் வசூலித்துக்கொண்டிருக்கிறான் என்றும் சொல்வாள். மகள் பள்ளியில் படிக்கும்போதே அம்மா இறந்துவிட்டாள்.

மகள் மின்னணுப் பலகைகளைப் பரிசோதிக்கும் பொறியாளர் ஆனாள். ஒரு பலகை உயிரோடிருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. ஊசிமுனையை வைத்துக் கேள்வி கேட்க வேண்டும். வரவேண்டிய பதில் வர வேண்டும். என்ன கேட்டாலும் ஒரே பதில் சொல்லும் பலகையைக் கீழே வைத்துவிடலாம். அதில் எங்கோ கம்பி ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அவள் வேலை பார்த்த ஊரிலிருந்து ஓடி வந்தபோது அப்பா மருத்துவமனையில் இருந்தார். மூளையில் ஒரு ரத்தக்குழாய் அடைத்துவிட்டது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு போய்விட்டது.

"அப்பா, நான் வந்திருக்கேன்."

தலையாட்டினார்.

"வலிக்குதா?"

தலையாட்டினார்.

"வலிக்கலையா?"

அதற்கும் ஆட்டினார்.

மருத்துவர் பொறுமையான பெண்மணி. மகள் பார்க்கும்படி அப்பாவிடம் நாலைந்து கேள்விகள் கேட்டார். இது மருத்துவமனையா? ஆமாம். இது ரயில் நிலையமா? அதற்கும் ஆமாம். "ஆமாங்கறதை வச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க. காதுல விழுது. புரியுதான்னு இப்போ என்னால சொல்ல முடியல. புரிஞ்சா பேச்சுப் பயிற்சி ஆரம்பிக்கலாம். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, ஒரு மாசம் பார்ப்போம். மாற்றமே இல்லன்னா, முழு நேரமும் பார்த்துக்கற இடம் ஏதாவது யோசிக்கணும்."

எதற்கெடுத்தாலும் சரி என்று தலையாட்டும் ஒரு மனிதர் அவள் அப்பாவின் முகத்தை வைத்துக்கொண்டு படுத்திருந்தார். வாழ்நாள் முழுக்க ஒரு விஷயத்துக்கும் ஒத்துப்போகாதவர். அத்தை அழுகையோடு சொன்னாள், "தலையாட்டிப் பொம்மையா ஆயிட்டானே."

வீட்டில் முன்னறைக் கட்டிலில் போட்டார்கள். அத்தை கஞ்சி கொடுத்தாள், துடைத்துவிட்டாள், திட்டினாள். "அண்ணே, வாயத் தொற. ஆமா, இப்ப மட்டும் சொன்னபடி கேளு. அறுபது வருஷமா எங்க போச்சு இந்தப் புத்தி?" அதற்கும் அவர் தலையாட்டினார்.

தாடி வளர்ந்தது. ஊருக்கெல்லாம் மழித்துவிட்டவர் முகம் இப்படிக் கிடக்கக் கூடாது என்று அத்தை பிடிவாதம் பிடித்தாள். ரெண்டாம் நாற்காலியைக் கூப்பிடலாம் என்றதற்கு மகள் வேண்டாம் என்றாள். அவளுக்கே சவரம் தெரியும். படிக்கிற காலத்தில் அப்பாவே ஊதிய பலூனில் நுரை போட்டுக் கற்றுக்கொடுத்திருந்தார். வெடித்தால் நீ தோற்றாய் என்பார்.

ரெண்டாம் நாற்காலி கடையிலிருந்து பொருள்களைத் துணியில் சுற்றிக் கொடுத்தனுப்பினார். மகள் ஒரு தட்டில் பரப்பினாள். பிரஷ், சீப்பு, கத்தி, படிகாரம். நுரை போட்டாள். மௌனம் தாங்கவில்லை. பேச ஆரம்பித்தாள்.

"அப்பா, நான் யோசிச்சுப் பார்த்துட்டேன். கணவன்தான் பொம்மை. அம்மா சொன்னதுதான் சரி. அவன் அந்த வீட்டுல ஒரு தடவை கூடக் கதவைத் தொறந்து வெளிய போகலைன்னு நீயே சொல்லியிருக்க. குளிருக்குப் பயமில்ல, வெளிய போக அனுமதியில்ல. அதான் காரணம்." கத்தி தொண்டைக்கு வந்தது. "இப்ப உன்னால பதில் சொல்ல முடியாது. கத்தி கழுத்துல இருக்கு. உன் சட்டம்தானே?"

தாடை அசையவில்லை. பழக்கமா, புரிந்ததா என்று தெரியவில்லை.

முகத்தைத் துடைத்தாள். தட்டை எடுக்கப் போனபோது அவருடைய இடது கை எழுந்தது. மெதுவாக, தப்பிப்போய், மறுபடி தேடி, சீப்பைப் பிடித்தது. அவள் பக்கமாக நகர்த்தி வைத்தது.

மகள் தட்டை அப்படியே விட்டுவிட்டாள்.

"அத்தை! அப்பா பதில் சொல்றாரு. மனைவிங்கறாரு."

அத்தை வந்து பார்த்தாள். "சீப்பை எடுத்தா தலை வாரிவிடுன்னு அர்த்தம். மொகத்தை மழிச்ச, தலையை யாரு வாருவா? இதுல என்னடி வழக்கு?"

மகளுக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு அத்தை சொல்வதும் சரிதானே என்று பட்டது. ஒரு கோப்பை காலி, ஒரு கோப்பை நிறைந்திருக்கிறது. பார்க்கிறவர் மனம் போல அர்த்தம். ஒரு முறை வந்த பதில் பதிலாகாது. அலுவலகத்தில் யாராவது ஒரே அளவீட்டை வைத்து பலகை நன்றாயிருக்கிறது என்று கையெழுத்து போட்டால், அவளே கிழித்துப் போடுவாள். தலையை வாரிவிட்டாள். அடுத்த சவரம் வரை இரண்டு நாளும் அந்த ஒரே யோசனை.

மழிக்கும் நாள் வந்ததும் தட்டில் பொருள்களை இடம் மாற்றி வைத்தாள். தலையை முன்னதாகவே வாரிவிட்டாள். சவரத்தை முழுதாக முடித்து, படிகாரம் தேய்த்து, அப்புறம் சொன்னாள்.

"அப்பா, அன்னிக்கு நான் சொன்னது தப்பு. நீதான் சரி. மனைவிதான் பொம்மை."

அவர் தலையாட்டினார்.

தலையாட்டல் நின்றது. கை எழுந்தது. சீப்பைத் தாண்டிப் போய், தட்டின் மறு ஓரத்தில் கிடந்த ஈரப் பிரஷைப் பிடித்துத் தள்ளியது.

அத்தை வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். மழித்து முடித்த முகத்துக்கு எதற்குப் பிரஷ் என்று அவளுக்கும் தெரியவில்லை. "அண்ணே," என்றாள். "படுத்த படுக்கையிலயும் உன் புத்தி போகலையா?"

இடது பக்க உதடு கொஞ்சம் மேலே போனது.

மகள் அதோடு விடவில்லை. பொருள்களைத் தொடாமல், படத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் ஒரு நாள் சும்மா உட்கார்ந்து பார்த்தாள். கை எழவில்லை. அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார், வாடிக்கையாளர் வாய் திறக்கக் காத்திருக்கும் முகத்தோடு. வேறொரு நாள் "ரெண்டு பேருமே மனுஷங்கதான்" என்று சொல்லிப் பார்த்தாள். அவர் யோசித்தார். பிறகு பிரஷையும் சீப்பையும் ஒன்றன் பின் ஒன்றாகக் கீழே தள்ளிவிட்டார். அத்தை சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

மாதம் முடிந்து மருத்துவமனைக்குப் போனபோது மகள் தட்டையும் கொண்டுபோனாள். மருத்துவர் கேள்விகள் கேட்டார். இவர் ஆமாம், ஆமாம், ஆமாம். மருத்துவர் பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

"ஒரு நிமிஷம், டாக்டர். நீங்க ஒரு கட்சி எடுக்கணும்." கதையைச் சுருக்கமாகச் சொன்னாள்.

"நான் அந்தப் படம் பார்த்ததில்லையே."

"எங்க வீட்டுல பார்க்காதவங்களும் வாதாடலாம்."

மருத்துவர் அவளை இரக்கத்தோடுதான் பார்த்தார். ஆனாலும் நோயாளி பக்கம் குனிந்தார். "சரி. எனக்கென்னமோ மனைவிதான் பொம்மைன்னு தோணுது."

பிரஷ் நகர்ந்தது.

மருத்துவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தட்டைத் தானே திருப்பி வைத்தார். "இல்ல, நான் கட்சி மாறிட்டேன். கணவன்."

சீப்பு.

"ஏன்?" என்றார் மருத்துவர், தன்னை மறந்து. உடனே அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எழுதிக்கொண்டிருந்ததை அடித்துவிட்டு, பேச்சுப் பயிற்சி தருகிறவரை உள்ளே கூப்பிட்டார்.

பயிற்சி நடந்தது. முதலில் திரும்பி வந்த சொல் "இல்ல". அத்தைக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. கஞ்சி வேணுமா? இல்ல. சரி, எடுத்துட்டுப் போகவா? இல்ல. நோய்க்கு முன்னால் இருந்ததைவிட இப்போது வார்த்தை குறைச்சல், அவ்வளவுதான் வித்தியாசம் என்றாள்.

மகள் ஒரு தடவை மட்டும் எந்தப் பக்கமும் எடுக்காமல் கேட்டாள். பிரஷையும் சீப்பையும் நேராக அவர் முன்னால் வைத்தாள். "அப்பா, நிஜமா நீ என்ன நினைக்கிற? யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

அவர் இரண்டையும் வெகுநேரம் பார்த்தார். சீப்பின் பற்களைக் கட்டைவிரலால் ஒரு முறை நெருடினார். அப்புறம் கையைத் தூக்கி அவளைக் காட்டினார். நீ முதலில் சொல்.

அவள் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று வைத்துக்கொண்டாள். நாளைக்கு நாளைக்கு என்று மழைக்காலம் போனது. இரண்டாவது அடைப்பு தூக்கத்தில் வந்தது, அவர் எழவில்லை.

கடையை இப்போது ரெண்டாம் நாற்காலி நடத்துகிறார். ஊருக்குத் திரும்புவதற்கு முன் மகள் தட்டைக் கொடுக்கப் போனாள். கோர்ட்டு நாற்காலியில் இருந்தார். கத்தரிச் சத்தம் மட்டும் கேட்டது. அவர் கைப்பேசியை நீட்டினார். "படம் இதுல கிடைக்குதும்மா. நீ பார்க்கவே இல்லியாமே? அனுப்பட்டுமா?"

"வேண்டாங்க. பார்த்தா ஒரு பக்கம் சாஞ்சிடுவேன்."

பொருள்களைக் கண்ணாடிப் பலகையில் அவையவை இருந்த இடத்தில் வைத்தாள். கோர்ட்டு கண்ணாடியில் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். தொண்டையைச் செருமினார்.

"கணவன்தான்மா. எத்தனை வருஷமா சொல்றேன். யாரு கேட்டா?"

ரெண்டாம் நாற்காலியின் கத்தரி நின்றது.

மகள் பையைக் கீழே வைத்தாள். சீப்பை எடுத்து கோர்ட்டின் முன்னால் நகர்த்தினாள். "என்ன படம் பார்த்தீங்க நீங்க?" என்றாள்.