டேப் ஒட்டிய பெட்டிகள்

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் அவளைப் ‘பேக்கிங் அக்கா’ என்பார்கள். சட்டைகளை மடித்து அட்டைப்பெட்டியில் அடுக்கும் பிரிவில் அவள்தான் மூத்தவள். அவள் அடுக்கிய பெட்டியில் விரல் நுழைய இடம் இருக்காது. அதே கையால் வீட்டில் புத்தகம் அடுக்கினாள். வாங்கியவை, நடைபாதையில் பொறுக்கியவை, மூடப்பட்ட வாசகசாலை ஒன்று தெருவில் கொட்டியவை. வரலாறு, சட்டம், உடலியல், நாவல். தன் பள்ளிப் படிப்பைப் பாதியில் நிறுத்தியவர்களுக்குப் பதில் சொல்வதுபோல் வாசித்தாள்.

வீடு இரண்டு அறையும் ஒரு கூடமும்தான். சின்ன அறையில் ஒரு சுவர் முழுக்க அவளுடைய அலமாரி. ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு வரிசை, அவற்றின் தலைமேல் படுக்கைவாட்டில் இன்னொரு அடுக்கு. பின்வரிசையில் இருப்பது மறந்துபோய், வைத்திருந்த புத்தகத்தையே மறுபடி வாங்கி வந்ததும் உண்டு. மிஞ்சியவை சமையலறைக்கு வந்தன. உப்பு எங்கே என்று மாமியார் கேட்டால், “நாவலுக்குப் பின்னாடி, அத்தை” என்பாள். மாமியாருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கொழுந்தனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. சின்ன அறை புது ஜோடிக்கு என்று வீடு கூடி முடிவெடுத்தது. வீடு என்றால் அவளைத் தவிர மற்ற மூன்று பேர்.

“ரூமைக் காலி பண்ணிடும்மா. இத்தனையும் படிச்சு நீ என்ன ஜட்ஜாவா ஆகப்போற?”

“ஆகலைன்னா படிக்கக் கூடாதா, அத்தை?”

“பாத்தியாடா உன் பொண்டாட்டி வாயை!”

கணவன் எதையும் பார்க்காதவன்போல் சோற்றைப் பிசைந்தான்.

கொழுந்தன் ஓடாத மோட்டார் சைக்கிள் ஒன்றின் உதிரிகளைப் பால்கனி முழுக்கக் குவித்து வைத்திருந்தான். அதை யாரும் குப்பை என்று சொல்லவில்லை, என்றைக்காவது உதவுமாம். அவளுடைய புத்தகம் மட்டும் அடைசல். பழைய காகிதம் இருக்கும் வீட்டில் புதுக் குடித்தனம் விளங்காது என்று மாமியார் எங்கிருந்தோ ஒரு சேதி வேறு கொண்டுவந்தாள். யார் சொன்னது, எதை வைத்துச் சொன்னது என்று கேட்க அந்த வீட்டில் ஒருத்திதான் இருந்தாள். அவள் கேட்டதற்கும் பெயர் வாய்க்கொழுப்பு.

வாசலுக்கு மேலே இருந்த பரண் மட்டும்தான் மிச்சம். அளந்து பார்த்தாள். பாதிகூட அடங்காது. விடுமுறை நாளில் தரையில் உட்கார்ந்து பிரிக்கத் தொடங்கினாள். ஒன்றைக் கழிப்பாள், இரண்டு பக்கம் புரட்டுவாள், திரும்ப எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். ஒருவழியாகப் பிரித்து முடித்து, விட முடியாதவற்றைத் தொழிற்சாலைப் பெட்டிகளில் அடுக்கி, டேப் ஒட்டி, பரணுக்கு நேர்கீழே வாசலோரம் வைத்தாள். கழித்தவை அறைத் தரையில் கிடந்தன. மறுநாள் வேலைக்குப் போய்விட்டாள். மாலையில் கணவன் வந்ததும் பெட்டிகளைப் பரணில் ஏற்றச் சொல்லலாம் என்று நினைப்பு.

தொழிற்சாலையில் நல்ல சரக்குக்குத்தான் பெட்டி. கழிவு தரையில் கிடக்கும். குப்பைக்கு யாராவது டேப் ஒட்டுவார்களா? அதை வீட்டில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

மாலையில் வந்தபோது வாசல் காலியாக இருந்தது. அண்ணாந்து பார்த்தாள். பரணும் காலி.

“பழைய பேப்பர்காரர் வந்தாரு, அண்ணி” என்றான் கொழுந்தன் உற்சாகமாக. “நீங்கதான் கட்டி ரெடியா வச்சிருந்தீங்களே, தூக்கிக் குடுத்துட்டேன். உள்ள கெடக்கறதையும் கட்டிட்டா நாளைக்கு அனுப்பிடலாம்.”

“ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாமேப்பா.”

“வாசல்ல வச்சா போறதுக்குன்னுதானே அர்த்தம்?” என்றாள் மாமியார். “இதுக்கெல்லாம் போனா?”

அவள் செருப்பைக்கூடத் தேடவில்லை. ஓடினாள்.

பழைய காகிதக் கிடங்கில் இரண்டு பேர் குந்தியிருந்து புத்தகங்களை உரித்துக்கொண்டிருந்தார்கள். தடித்த அட்டை ஒரு பக்கம், தாள் ஒரு பக்கம். முதுகைப் பிடித்து ஒரே இழுப்பு.

“அண்ணே, நிறுத்துங்க! அது என்னோடது!”

“குடுத்துட்டு வந்து அழுதா நான் என்னம்மா பண்ண?” என்றார் கடைக்காரர்.

“நான் குடுக்கலை.”

“உங்க வீட்லதானே குடுத்தாங்க?”

அவள் குவியலுக்குள் இறங்கினாள். அட்டையில்லாத கட்டு ஒவ்வொன்றையும் முதல் வரியை வைத்து அடையாளம் கண்டு நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். பின்வாசலில் லாரி நின்றது. அதில் ஏற்றுவதும் நடந்துகொண்டிருந்தது.

விஷயம் கேள்விப்பட்டுக் கணவன் மூச்சிரைக்க வந்தான்.

“எழுந்திரு. எல்லாரும் பாக்கறாங்க.”

“பாக்கட்டும். அந்தச் சாக்கை எடுங்க.”

“எல்லாம் கிழிஞ்சு போச்சேம்மா. இதைக் கொண்டுபோய் எங்க வைக்கறது?”

“என் அலமாரியில.”

“அது தம்பி ரூமு...”

“உங்க தம்பிக்குக் கூடம் இருக்கு, பால்கனி இருக்கு. வாடகைக்குப் புடிச்சா ஊர் பூரா வீடு இருக்கு. எனக்கு அந்த ஒரு சுவர்தான் இருக்கு. அதையும் எடுத்துட்டா நான் எங்க நிக்கறது, சொல்லுங்க?”

அவன் கடைக்காரரைப் பார்த்தான். தெருவைப் பார்த்தான். பிறகு சாக்கின் வாயை விரித்துப் பிடித்தான்.

லாரி கிளம்பும் சத்தம் கேட்டது. அவள் தலை நிமிரவில்லை. கைக்கு எட்டியதை அள்ளிக்கொண்டிருந்தாள்.