மலைமேல் அருளையாவின் மிளகாய்ப் பாத்திகள்

“நான் மண்வெட்டியாலை ஒரு கோடு கீறினால் தண்ணி அதைத் தாண்டாது. வயலெண்டாலும் மலையெண்டாலும் ஒண்டுதான்.”

புலம்பெயர்ந்து வந்த பலெர்மோ நகரின் கால்சாப் பகுதியில், ஞாயிற்றுக்கிழமைத் தேநீருக்குக் கூடிய மாபெரும் சபையில் அருளையா இவ்வாறு பிரகடனம் செய்தார். சபையில் நால்வர் இருந்தனர், ஒருவர் தூக்கம்.

காரணம் இல்லாமல் இல்லை. அவர் துடைத்துக் கழுவும் வீட்டின் எசமானி, நகரத்துக்கு மேலே மலையில் படிப்படியாக வெட்டிய தன் காய்ந்த காணியில் ஒரு படியை அவருக்குப் பயிர்செய்யக் கொடுத்திருந்தாள். இந்தக் கோடையில் பயிர் பிழைக்காவிட்டால், அது கீழ்ப்படியில் தக்காளி வைத்திருக்கும் உள்ளூர்க்காரி யூலியானாவுக்குப் போய்விடும்.

மழை எட்டிப் பார்க்காத மலை. உச்சியில் ஊற்றுநீர் சேரும் கல்தொட்டி ஒன்று. கிழமைக்கு ஒருமுறை, ஆளுக்குக் கொஞ்ச நேரம் திறந்துவிடுவார்கள். யாழ்ப்பாணத்துச் சமதரையில் பழகிய கையால் அருளையா சதுரம் சதுரமாகப் பாத்தி கட்டி, வரம்பு உயர்த்தி, மிளகாய் நட்டார். அந்தப் படி சரிந்து கிடப்பதை ஒரு பொருட்டாக மதிக்கவில்லை.

தண்ணீர் வந்தது. பள்ளத்து மூலையில் கூடி நின்று யோசித்தது. பிறகு வரம்பை உடைத்துக்கொண்டு யூலியானாவின் தக்காளிக்கு இறங்கிப் போனது. மேட்டுப்பக்க மிளகாய்கள் வேடிக்கை பார்த்தன. அயலாருக்கு உதவுவது நம் பண்பாடு என்று அருளையா வீட்டில் விளக்கினார்.

அடுத்த முறை வரம்பை இன்னும் உயர்த்தினார். தக்காளி இன்னும் செழித்தது. மிளகாய் இலைகள் சுருண்டன.

மனைவி துஷாந்தி கதையை வளர்க்கவில்லை. “தண்ணிக்கு உங்களைத் தெரியாதப்பா. அந்தத் தக்காளி மனுசியிட்டை ஒருக்காக் கேளுங்கோ. இன்னொருக்காப் பிழைச்சால் செடியும் இல்லை, காணியும் இல்லை.”

எதிராளியிடமே கேட்பதா? மூன்று நாள் மானம் காத்தார். நாலாம் நாள் போய்க் கேட்டார். யூலியானா சிரிக்கவில்லை. முதுகு வலிக்கிற வலியில் இன்னொரு படியையும் தன் தலையில் கட்டிவிடாதே என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த தண்ணீர் முறைக்கு முன்பே வந்து, அருளையா தன் வரம்புகளைத் தானே வெட்டிச் சாய்த்தார். மண்வெட்டியை வாங்கி, யூலியானா சரிவுக்குக் குறுக்கே பாம்புபோல் வளைத்து வாய்க்கால் இழுத்தாள்; இடையிடையே கல் வைத்தாள். திறந்துவிட்ட தண்ணீர் அவசரப்படாமல் ஊர்ந்து, வேர் வேராக நின்று நின்று போனது. ஒரு வளைவில் அது தயங்கியது.

அருளையா குனிந்து, கையில் ஒரு கல்லோடு, எசமானியை அழைக்கும் மரியாதையோடு யூலியானாவிடம் தணிந்த குரலில் கேட்டார்:

“இதை எங்கே வைக்க, சிஞ்ஞோரா?”