முள்ளக்கா

தண்ணீரின் வேகம் பார்க்க, முள்ளக்கா குழாயைத் திறந்து, அதன் வாயில் கட்டைவிரலை வைத்து, கண்ணை மூடிக்கொள்வார். அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்பவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால், "உங்க பேச்சுல நல்ல பிரஷர் இருக்கு. தண்ணியிலதான் இல்ல" என்பார்.

கேரவன்கள் வந்து தங்கும் இடம் எங்களுடையது. கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாவற்றையும் ஒரே வண்டிக்குள் வைத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறவர்கள் நாலைந்து நாள் இருந்துவிட்டுப் போவார்கள். அவர்கள் குறையைக் கேட்டு எழுதிக்கொள்வது என் வேலை. பத்தில் ஏழு பேர், தண்ணீர் ஒழுங்காக வரவில்லை என்றுதான் வருவார்கள். அதைக் கவனிப்பவர் முள்ளக்கா. வயது ஐம்பதுக்கு மேல். தண்ணீரின் அழுத்தத்தைக் காட்டும் முள் வைத்த கேஜ் ஒன்றை எப்போதும் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருப்பார். அதனால்தான் தனக்கு அந்தப் பெயர் என்று நம்புகிறார். அவருடைய நாக்கை நினைத்து வைத்த பெயர் என்று சொல்லும் துணிச்சல் இன்றுவரை எவருக்கும் வரவில்லை.

கருவிப் பெட்டியில் பளபளக்கும் சாமான்களெல்லாம் இருக்கின்றன. ஆனால் அவர் அதிகம் எடுப்பது ஒரு தேய்ந்த பல் துலக்கும் பிரஷும் ஒரு பாட்டில் வினிகரும்தான். குழாயின் நுனியில் இருக்கும் சிறு சல்லடையைக் கழற்றி ஊறவைத்து, உப்புப் படிவைத் தேய்த்தெடுத்தால் பாதி வண்டிகள் பிழைத்துக்கொள்ளும். ஒருமுறை ஒருவர் வீடியோ பார்த்து, புது பம்ப் வாங்கி மாட்டியும் தண்ணீர் வரவில்லை என்று குதித்துக்கொண்டிருந்தார். முள்ளக்கா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"சார், உங்க டயரைக் கொஞ்சம் எந்திரிக்கச் சொல்லுங்க. ஹோஸ் மேல உக்காந்திருக்கு."

"வீடியோவுல இதச் சொல்லவே இல்லையே!"

"வீடியோ எடுத்தவரு உங்க டயருக்கு அடியில வந்து எடுக்கல போல."

இவ்வளவு கெட்டிக்காரரின் சொந்த வீட்டுக் குளியலறைக் குழாய் இரண்டு வருடமாக ஒழுகுகிறது. கேட்டால், "அதுக்கு யாரும் புகார் எழுதலியே" என்கிறார்.

போன மாதம் கடைசி வரிசையில் ஒரு கேரவன் வந்து நின்றது. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவரும் அவர் மனைவியும். மூன்று மாதமாகச் சுற்றுகிறார்களாம். பதினோரு நாளாக வெந்நீர் நூல் மாதிரி வருகிறது என்று புகார். தலைமையாசிரியர் சும்மா இருக்கவில்லை. பில்டரை இரண்டு முறையும் ஷவரை மூன்று முறையும் பம்பை ஒரு முறையும் மாற்றியிருந்தார். நேரவாரியாக நோட்டில் குறித்து, வரைபடம்கூடப் போட்டு வைத்திருந்தார்.

"விஞ்ஞானப்பூர்வமா அணுகிட்டிருக்கேன்மா."

"ரொம்ப நல்லது சார். குளிச்சு எத்தன நாளாச்சு?"

நான் டார்ச் பிடிக்க, உள்ளே போனோம். சமையல் மேடையில் பச்சைத் தண்ணீர் பீறிட்டுக்கொண்டு வந்தது. வெந்நீர் மட்டும் சொட்டியது. அப்படியென்றால் கோளாறு கீசர் பக்கம்தான் என்று, பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே இருந்த அலமாரிக்குள் தலையை விட்டார் முள்ளக்கா. அடுக்கிய பாத்திரங்களுக்குப் பின்னால் வெந்நீர் வால்வு. முக்கால்வாசி மூடியிருந்தது. தானாகத் திரும்பும் வால்வு அல்ல அது, நல்ல இறுக்கம். அதன் கைப்பிடியில் பாத்திரம் தேய்க்கும் சோப்பு நுரை காய்ந்து ஒட்டியிருந்தது. தலைமையாசிரியரின் கைக்கும் அந்தச் சோப்புக்கும் எந்தக் காலத்திலும் அறிமுகம் கிடையாது என்று அந்த அடுப்படியைப் பார்த்தாலே தெரியும். அவர் மனைவி, ஏற்கெனவே காய்ந்துபோன ஒரு தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

முள்ளக்கா கழுத்திலிருந்து கேஜைக் கழற்றினார். "சார், இத வெளிக் குழாயில மாட்டி, முள் அசையுதான்னு பாருங்க. கண்ண எடுத்துடாதீங்க."

"எவ்வளவு நேரம்?"

"நோட்டையும் எடுத்துக்கிட்டுப் போங்க."

அவர் உற்சாகமாகப் போனார். முள்ளக்கா தரையில் உட்கார்ந்தபடியே அந்த அம்மாளை நிமிர்ந்து பார்த்தார்.

"எதுக்கும்மா இது?"

தட்டு கீழே வைக்கப்பட்டது. "பொண்ணுக்கு ஒம்பதாம் மாசம். போயிடலாங்கன்னேன். இன்னும் ரெண்டு ஊர் பாக்கி இருக்காம், அட்டவணை போட்டாச்சாம்."

"வாயத் தொறந்து சொல்றதுதானே?"

"தெனமும் சொல்றேன். நான் சொன்னா அவர் காதுல விழாது. குழாய் சொன்னா நோட்டு எடுத்து எழுதுறார். வெந்நி வரலன்னா சலிச்சுப்போய்த் திரும்பிடுவாருன்னு நெனச்சேன். பம்ப மாத்திக்கிட்டு நிக்கிறார்." தட்டை மறுபடி எடுத்தார். "வீட்டுல அவ தனியா இருக்கா."

முள்ளக்கா எழுந்தார். வால்வைத் தொடாமல் அலமாரிக் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தார்.

"முள் நாப்பத்தஞ்சுலயே நிக்குதும்மா. ஒரு இம்மி அசையல" என்றார் தலைமையாசிரியர், ஏதோ அதை நிற்க வைத்ததே தான்தான் என்பதுபோல். முள்ளக்கா அந்தக் குழாயையே இறுக்கி மூடினார்.

"என்னம்மா, வந்த தண்ணியையும் நிறுத்திட்டீங்க?"

"பைப்பு, பம்பு எல்லாம் சுத்தம் சார். ஒரே எடத்துலதான் அடைப்பு."

"எங்க?"

"உங்க காதுல. அதுக்கு என்கிட்ட பிரஷ் இல்ல. உள்ள போய் அம்மா பக்கத்துல உக்காருங்க. அவங்க சொல்றத எழுதுங்க."

முப்பது வருடம் மற்றவர்களை உட்கார்ந்து எழுதச் சொன்ன மனிதர் அவர். முகம் சிவந்தது. என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். கடைசியில் உள்ளே போனார்.

முதலில் அவர் குரல் கேட்டது. கொஞ்ச நேரத்தில் இரண்டு குரலும். அப்புறம் வெகுநேரம் அந்த அம்மாளின் குரல் மட்டும். முள்ளக்கா கருவிப் பெட்டியின் மேல் உட்கார்ந்து, வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார்.

அரைமணி கழித்துத் தலைமையாசிரியர் படியிறங்கி வந்தார். ஐந்து வயது கூடியிருந்தது. "வீடு போய்ச் சேர ரெண்டு நாள் ஓட்டணும்" என்றார். "டேங்க் ரொப்பிக்கலாமா? வெந்நி... தானா வந்துடும்னு சொல்றா."

இதற்கு முள்ளக்காவிடம் குறைந்தது மூன்று பதில் தயாராக இருந்தது. அவர் முகத்திலேயே தெரிந்தது. மூன்றையும் விழுங்கிக்கொண்டு குழாயை முழுசாகத் திறந்தார். ஈர மண்ணில் மண்டியிட்டு, டேங்கின் வாயில் ஹோஸை வைத்து, அது நிரம்பி வழியும்வரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.