இரும்பின் நிறம் பார்த்த கண்கள்

என் மகளின் இரண்டு கண்களையும் கட்டி வைத்திருந்த அந்த நாட்களில் நான் பட்டது, அம்மனை நம்பும் உங்கள் யாருக்கும் வரக்கூடாது.

அறுபதுகளின் நடுவில் ஒரு தை மாதம். எனக்கு நெய்வேலியில் ஸ்டோர்ஸ் வேலை. போல்ட்டும் நட்டும் எண்ணி எண்ணி, எதைப் பார்த்தாலும் எண்ணுகிற புத்தி வந்துவிட்டது. மகள் வசந்தா ஐதராபாத்தில் எம்.எஸ்ஸி. வானியல் படித்தாள். வகுப்பில் ஏழு பேர். பெண் இவள் ஒருத்திதான். பொங்கல் விடுமுறைக்கு வந்தபோது வெளிச்சத்தை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் ஒரு முப்பட்டைக் கண்ணாடியும் கொண்டுவந்திருந்தாள்.

எங்கள் பிளாக்கில் தண்ணீர்க் குழாய்க்கு வெல்டிங் நடந்தது. அந்த வெளிச்சத்தை வெறுங்கண்ணாலும் கண்ணாடி வழியாகவும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள்.

"அப்பா! சூரியன்ல இருக்கிற இரும்புக்கும் நம்ம தெரு இரும்புக்கும் ஒரே நிறக்கோடுதான்! புஸ்தகத்துல பாத்தத நேர்ல பாத்துட்டேன்!"

எனக்குக் கோடு புரியவில்லை. அவள் சந்தோஷம் புரிந்தது.

பொழுது சாய்வதற்குள் கண்ணில் மணலைக் கொட்டியதுபோல் துடித்தாள். இமை திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் மருந்து போட்டு இரண்டு கண்களையும் கட்டி அனுப்பினார்கள். "கட்டைப் பிரிச்சாத்தான் சொல்ல முடியும்" என்றார் டாக்டர். அடுத்த வாரம் அவளுக்குத் தொலைநோக்கியில் செய்முறைத் தேர்வு. தவறினால் ஒரு வருஷம் போய்விடும்.

எதிர் குவார்ட்டர்ஸ் அம்மா பார்க்க வந்தார். "நட்சத்திரம் படிக்கிறியே, எங்க பையனுக்கு எப்பக் கல்யாணம்னு ஜாதகத்தப் பாரும்மான்னா, அது வேற படிப்புன்ன. வெல்டிங்க மட்டும் பாத்துகினு நின்னியாக்கும்!"

"அதுலயும் உங்க பையனுக்குப் பொண்ணு தெரியலைங்க அத்தை" என்று கட்டோடு சிரித்தாள் வசந்தா. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் போனதும் மாரியம்மன் படத்தின் முன் நின்று வாய்விட்டு அழுதேன். "தாயே, கண்ணக் குடுத்துடு. இந்தப் படிப்ப நிறுத்திடறேன்."

உள்ளேயிருந்து சத்தம் வந்தது. "அப்பா! அந்த வேண்டுதல மாத்துங்க!"

"கண்ணே போச்சுன்னா என்னம்மா பண்ணுவ?"

"கண்ணு வந்தும் வானத்தப் பாக்கக் கூடாதுன்னா எப்படிப்பா? ரெண்டையும் கேளுங்க. அம்மன்கிட்ட கேக்கறதுக்கு என்ன கணக்கு?"

அப்போதுதான் உறைத்தது. சாமியிடமும் நான் ஸ்டோர்ஸ் நடத்திக்கொண்டிருந்தேன். ஒன்றைக் கொடுத்தால்தான் ஒன்று. மாற்றிக் கேட்டேன். "கண்ணையும் குடு தாயே, வானத்தையும் குடு." நூற்றெட்டு முறை சொல்ல உட்கார்ந்தவனுக்கு எண்ணிக்கை எங்கே விட்டுப்போனதென்றே தெரியவில்லை.

மூன்றாம் நாள் காலை கட்டைப் பிரித்தார்கள். டாக்டர் கையைத் தூக்கினார். "எத்தனை விரல்மா?"

"மூணு. நடுவிரல்ல மசி ஒட்டியிருக்கு டாக்டர்!"

"மாரியாத்தா!" என்று என் மனைவி போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே முத்தாண்டிக்குப்பம் போய் அம்மனுக்கு வெள்ளிக் கண்மலர் சாத்தினோம். மறுநாள் விருத்தாசலத்தில் அவளை ரயில் ஏற்றினேன்.

தேர்வு முடிந்ததும் எழுதினாள்: "வியாழனுக்குப் பக்கத்தில் நான்கு நிலாக்கள் அப்பா. உங்களுக்காக எண்ணினேன்."

இப்போது எனக்கு வயது எழுபத்தொன்பது. மாத்திரைகளை எண்ணுகிறேன், மாடிப்படிகளை எண்ணுகிறேன், கவலைகளையும் விடாமல் எண்ணுகிறேன். அம்மனிடம் கேட்கும்போது மட்டும் எண்ணுவதில்லை. நீங்களும் பயந்துபோய்ப் பாதியைக் கேட்டு நின்றுவிடாதீர்கள். முழுசாகக் கேளுங்கள். பெற்றவளிடம் யாராவது பேரம் பேசுவார்களா?