எண்ணூரில் கேட்டதும் கூட்டத்தில் சொல்லாததும்

போன ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை வேலையாக எண்ணூர் போனேன். பிறப்புறுப்பில் தொற்றி, பின்னால் கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய எச்.பி.வி. வைரஸுக்கு எப்படிச் சிகிச்சை தருவது என்று டாக்டர்களுக்கு வழிகாட்டி எழுதும் குழுவில் நான் உதவியாளர். ஆய்வுகளைக் குழுவில் உள்ள டாக்டர்கள் எடைபோடுவார்கள். எழுதுவது பெண்களுக்கு ஒத்துவருமா என்று கேட்டுவருவது என் பங்கு. எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான்தான். ஆனாலும் கூட்டங்களில் கதவோரம்தான் உட்காருவேன்.

புளியந்தோப்பில் 7.10க்கு பஸ், பெண்களுக்கு இலவசம். வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ, முப்பது ரூபாய். அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் இருபது. 8.30க்கெல்லாம் மீனவர் குப்பத்தில் இருந்தேன்.

மல்லிகா அக்கா (பெயரை மாற்றியிருக்கிறேன்) மீன் விற்பவர். குப்பத்தில் நடந்த மருத்துவ முகாமில் எடுத்த பரிசோதனையில் அவருக்குத் தொற்று இருப்பது தெரிந்திருந்தது. பக்கத்துக் கடைக்காரம்மா என்னைப் பார்த்து, "இன்னா, ரேஷன் கார்டு பொண்ணா?" என்றார். "ஆமா, உன் பேர அட்ச்சிட்டாங்களாம்" என்று சமாளித்துவிட்டு அக்கா என்னைப் படகு மறைவுக்குக் கூட்டிப்போனார்.

பலருக்குத் தொற்று தானாகவே போய்விடும், யாரிடமிருந்து எப்போது வந்தது என்று கண்டுபிடிக்க முடியாது என்று விளக்கினேன். பிறகு வழிகாட்டியின் வரைவில் இருந்த இரண்டு வழிகளையும் சொன்னேன். ஒன்று, வேறொரு நாள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவது. இன்னொன்று, பரிசோதனை எடுத்த நாளிலேயே முகாமிலேயே பார்த்து, தேவையென்றால் சிகிச்சையும் முடிப்பது. இரண்டுக்கும் ஆய்வுகளின் ஆதரவு இருந்தது.

"ஒருவாட்டி வந்ததுக்கே வூட்ல ஆயிரம் கேள்வி. அன்னிக்கே முட்சி அனுப்பு. இன்னொரு நாள் வான்னா நான் வரமாட்டேன். அப்டியே சொல்லு" என்றார்.

நோட்டில் எழுதிக்கொண்டேன். அடுத்த வாரம் குழுக் கூட்டத்தில் பெரிய டாக்டர் ஒருவர் முதல் வழியை ஆதரித்துப் பேசி முடித்ததும், பெண்கள் வேறு ஏதாவது சொன்னார்களா என்று தலைவர் என்னைக் கேட்டார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நோட்டு மடியில் திறந்தே இருந்தது. "இல்லை சார்" என்றேன். முதல் வழியே முடிவானது. மறுநாள் அக்கா சொன்னதைத் தலைவருக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். அடுத்த திருத்தத்தின்போது பார்க்கலாம் என்று பதில் வந்தது.

ஏப்ரலில் மறுபடி போனேன். அக்கா ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கவில்லை.

"நான் சொன்னத சொன்னியா?"

"எழுதி வச்சேன்க்கா."

"எழுதுனத கேக்கல."

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்கு நானே கூட வருவதாகச் சொன்னேன். பார்க்கலாம் என்று மட்டும் சொன்னார்.

இதுபோன்ற வேலைக்குப் போகிறவர்கள் பதினொன்றுக்கு மேல் போங்கள். அதற்குமுன் வியாபார நேரம். குடையும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். கேட்டதைத் திரும்பி வந்ததும் முதலில் வாயால் சொல்லிவிடுங்கள். எங்கள் கூட்டக் குறிப்பில் இன்றைக்கும், பெண்களிடமிருந்து மாற்றுக் கருத்து இல்லை என்றுதான் இருக்கிறது.